புதையல் தீவுக்குள் இரண்டு பெண்கள்

ஒரு கப்பல், ஒரு வரைபடம், தோளில் கிளியோடு ஒற்றைக்கால் சமையல்காரன். இவ்வளவு சொன்னாலே 'புதையல் தீவு' என்று பிடித்துவிடுவீர்கள். ஸ்டீவன்ஸன் 1881இல் சிறுவர் இதழ் ஒன்றில் தொடராக எழுதத் தொடங்கிய கதை அது; 1883இல் புத்தகமானது. அதில் பெண் என்று தேடினால் சிறுவன் ஜிம்மின் அம்மாதான் கண்ணில் படுவார். இது தற்செயல் இல்லை. பையன்களுக்கான கதை, பெண்களுக்கு இடமில்லை என்று முதலிலேயே முடிவானதாக ஸ்டீவன்ஸனே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அந்தக் கதவை 2021இல் திறந்தவர் சி. பி. லீ. வியட்நாம், சீனப் பூர்வீகம் கொண்ட அமெரிக்க எழுத்தாளர். 'எ கிளாஷ் ஆஃப் ஸ்டீல்' என்ற நாவலில் புதையல் தீவை அப்படியே தூக்கி 1826ஆம் ஆண்டின் தென்சீனக் கடலில் வைத்துவிட்டார். ஜிம்முக்குப் பதில் ஷியாங். தேயிலை வணிகம் செய்யும் தாயின் கண்காணிப்பில் வளர்ந்த பெண். அவள் அப்பாவின் பதக்கத்தை ஆன் என்ற வியட்நாமியக் கடலோடிப் பெண் திருடுகிறாள். பதக்கத்துக்குள் சுருட்டி வைத்த ஒரு குட்டி வரைபடம்! புதையலைத் தேடிப் போகிற வழியில் இருவருக்கும் இடையே காதல்.

"வரலாற்றுக் கதையில் இதையெல்லாம் ஏன் புகுத்துகிறார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. புகுத்தத் தேவையே இல்லை, வரலாற்றிலேயே இருக்கிறது என்பதுதான் என் பதில். ஆனால் அங்கே இருப்பது அவ்வளவு இனிப்பான சங்கதி அல்ல.

நாவலின் பின்னணியில் நிற்கும் நிஜக் கடற்கொள்ளைத் தலைவி ஜெங் யி சாவ். அவள் கணவன் ஜெங் யி, வியட்நாமின் தாய் சன் அரசுக்காகக் கூலிக்குக் கடற்சண்டை போட்டவன். 1802இல் அந்த அரசு வீழ்ந்ததும் அவனைப் போன்ற கொள்ளையர்கள் தென்சீனாவின் குவாங்தோங் கரைக்குத் திரும்பினார்கள். 1805இல் ஓர் ஒப்பந்தம் போட்டுக் கொடி நிறவாரியாகக் கூட்டணி அமைத்தார்கள். கூட்டணி உச்சத்தில் இருந்தபோது அதில் 50,000 பேருக்கு மேல் இருந்தார்கள். கதையில் ஆன் வியட்நாமியப் பெண்ணாக இருப்பது வெறும் அலங்காரம் இல்லை என்பது இப்போது விளங்கும்.

ஜெங் யியின் கப்பலில் ஜாங் பாவோ என்ற மீனவர் வீட்டுப் பையன் இருந்தான். 15 வயதில் பிடித்துவரப்பட்டவன். ஜெங் யி அவனோடு உடலுறவு கொண்டான், மகனாகத் தத்தெடுத்தான், கப்பல் தலைவனாகவும் ஆக்கினான். சீன ஆவணங்களைத் துழாவி இதையெல்லாம் 1987இல் நூலாக எழுதியவர் டையன் மர்ரே. பிடித்துவந்த ஆண்களைக் கூட்டத்தில் சேர்க்கும்போது இப்படி நடப்பது வழக்கமாக இருந்ததையும் அவர் காட்டுகிறார். 1807இல் ஜெங் யி இறந்தான். அவன் மனைவி அதே ஜாங் பாவோவைத் தளபதியாக்கி, பிறகு மணந்தும் கொண்டாள்.

எழுத்தாளர் கைக்கு வாகான கதைதான். ஜெங் யிக்கும் ஜாங் பாவோவுக்கும் இடையே காவியக் காதல் என்று எழுதிவிடலாம். எனக்கு அது ஒப்பவில்லை. கத்திமுனையில் கொண்டுவரப்பட்ட பையனின் சம்மதத்தை யார் கேட்டார்கள்? அவன் மனதில் அன்பு இருந்ததா, பயம் இருந்ததா என்று ஆவணம் சொல்லாது. பால்புதுமையினரின் பழங்கதை என்று எது கிடைத்தாலும் கொண்டாடிவிட முடியாது. லீ கெட்டிக்காரர். அந்தப் பொறியில் விழாமல், விரும்பிக் கப்பலேறிய இரண்டு பெண்களைக் கற்பனையில் படைத்தார். இருவருக்கும் ஒருவரை ஒருவர் மறுக்கிற உரிமையும் இருக்கிறது.

லீ வரலாற்றை மீறுகிற இடம் வேறு: புதையல்தான். ஜெங் யி சாவின் படைக்கு மண்ணைத் தோண்டிப் புதைக்கிற வேலையே இல்லை. உப்புக் கப்பல்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு பாதுகாப்புச் சீட்டு விற்றார்கள். கொள்ளைப் பொருளைப் பதிவு செய்து, பத்தில் இரண்டு பங்கு பிடித்தவனுக்கு, மீதி பொதுக் கருவூலத்துக்கு என்று கணக்காகப் பிரித்தார்கள். 1810இல் அவள் ஆயுதமின்றிக் கான்டன் போய்ப் பேரம் பேசினாள். மன்னிப்பும் கிடைத்தது, சேர்த்த செல்வமும் கைவிட்டுப் போகவில்லை. ஜாங் பாவோவுக்கு அரசுக் கடற்படையில் பதவி. அவன் 1822இல் இறந்தான். அவள் சூதாட்ட விடுதி நடத்தி 1844 வரை வாழ்ந்தாள். ஆனாலும் ஹாங்காங்கின் செயுங் சாவ் தீவில் ஜாங் பாவோ செல்வத்தை ஒளித்துவைத்ததாகச் சொல்லப்படும் குகைக்குள், சுற்றுலாப் பயணிகள் இன்றும் டார்ச் அடித்துக்கொண்டு நுழைகிறார்கள்.