பின்னங்கள் பேசும் மொழி



பிறமொழி வழங்கும் ஊர்களில் வாழும் உங்களுக்குத் துபாஷியின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கணிப்பொறிக்கும் துபாஷி உண்டு. நாம் எழுதும் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து, உடனுக்குடன் நிறைவேற்றித் தரும் அச்செயலியை 'இன்டர்பிரிட்டர்' என்பர். புதிர் ஒன்றிலிருந்து பிறந்த விந்தை மொழிக்கு இத்துபாஷியை அமர்த்திக்கொள்வது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சு.

முதலில் புதிரைக் காண்போம். ஏதேனும் ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டைப்படையாயின் பாதியாக்குங்கள், ஒற்றைப்படையாயின் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். இவ்வாறே தொடருங்கள். 27-இல் தொடங்கினால் 9,232 வரை ஏறி, 111 படிகளுக்குப் பின்னரே 1 வந்து சேரும். எல்லா எண்களும் இவ்வாறு 1-ஐ அடையுமா என்பதை இன்றளவும் எவரும் நிறுவினாரில்லை. ஜெர்மானியக் கணித அறிஞர் லோதர் கொலாட்ஸ் பெயரால் இப்புதிர் வழங்குகிறது.

லிவர்பூலில் 1937-இல் பிறந்து 2020-இல் மறைந்த ஜான் கான்வே இதனை ஆராய்ந்தார். இத்தகைய புதிர்களைப் பொதுவாக்கி நோக்குமிடத்து, அவை யாவற்றுக்கும் முடிவு கூறவல்ல ஒரே முறை இருக்க இயலாது என்று 1972-இல் காட்டினார். அந்த ஆராய்ச்சியின் வழிவந்ததே அவர் 1987-இல் வெளியிட்ட ஃபிராக்டிரான் என்னும் மொழி.

இம்மொழியில் சொற்களே இல்லை. வரிசையாக எழுதிய பின்னங்களே நிரல். அதனுடன் தொடக்க எண் ஒன்றையும் துபாஷியிடம் கொடுக்கிறோம். எண்ணை முதற் பின்னத்தால் அது பெருக்கிப் பார்க்கும். முழு எண் கிடைத்தால் அதனையே புதிய எண்ணாகக் கொண்டு, வரிசையின் தொடக்கத்திற்குத் திரும்பும். கிடைக்காவிடில் அடுத்த பின்னத்திற்குச் செல்லும். எப்பின்னமும் பொருந்தாதபோது நின்றுவிடும்.

3/2 என்ற ஒரே பின்னம் கூட்டற்கணக்கைச் செய்யும். மூன்றையும் இரண்டையும் கூட்ட வேண்டுமாயின், மூன்று 2-களையும் இரண்டு 3-களையும் பெருக்கி 72 என்று தொடங்குக. 108, 162, 243 என்று வளர்ந்து எண் நின்றுவிடும். 243 என்பது ஐந்து 3-களின் பெருக்கம். விடை ஐந்து.

இனி, கான்வே அமைத்த பதினான்கு பின்னங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: 17/91, 78/85, 19/51, 23/38, 29/33, 77/29, 95/23, 77/19, 1/17, 11/13, 13/11, 15/2, 1/7, 55/1. தொடக்க எண் 2. அடுத்து 15, 825, 725 என்று எண்கள் வரும். 19-ஆம் படியில் 4, 69-ஆம் படியில் 8, 281-ஆம் படியில் 32 தோன்றும். இவை முறையே இரண்டு, மூன்று, ஐந்து 2-களின் பெருக்கம். இவ்வாறு 2-களை மட்டுமே பெருக்கிப் பெறும் எண் எப்போது வந்தாலும், அதிலுள்ள 2-களின் எண்ணிக்கை பகா எண்ணாகவே இருக்கும்!

ஆயினும் இத்துபாஷியிடம் எச்சரிக்கை வேண்டும். எந்தப் பின்ன வரிசையும் இம்மொழியில் செல்லுபடியான நிரலே. ஒரு பின்னத்தைத் தவறாக எழுதினாலும், இரண்டை இடம் மாற்றினாலும், பிழை என்று அது சொல்லாது. வேறொரு கணக்கை அமைதியாகச் செய்துகொண்டிருக்கும். ஆகையால் விடை தெரிந்த சிறு கணக்கைக் கொடுத்து முதலில் சோதிக்க வேண்டும். எண்கள் விரைந்து பெருகுமாதலால், எத்துணைப் பெரிய முழு எண்ணையும் பிழையின்றி ஏற்கும் பைத்தான் போன்ற மொழியில் துபாஷியை எழுதுவது நலம். இத்தனை படிகளுக்கு மேல் செல்லற்க என்று வரம்பும் விதிக்க வேண்டும்.

வரம்பு எதற்கு? மேற்கண்ட நிரலின் இறுதியிலுள்ள 55/1 முழு எண்ணாதலின் எந்த எண்ணோடும் பொருந்தும். எனவே அந்நிரல் ஒருபோதும் நில்லாது. துபாஷியோ இதனை அறியாது, சொன்னதைச் செய்துகொண்டேயிருக்கும். நாம் பின்னங்களைப் படித்துப் பார்த்து ஒரு நொடியில் அறிகிறோம். எல்லா நிரல்களுக்கும் இவ்வாறு கூறிவிட முடியாது என்பதையும் கான்வேயின் ஆராய்ச்சி உணர்த்துகிறது. கட்டளையை நிறைவேற்றுவது யந்திரத்தின் வேலை. அதன் போக்கை ஆராய்ந்து, எங்கு நிறுத்துவது என்று முடிவு செய்வது நம் பொறுப்பு.

இப்பதினான்கு பின்னங்களையும் தாளில் எழுதி, முதல் 19 படிகளை உங்கள் வீட்டுச் சிறுவர்களோடு கையாலேயே செய்து பாருங்கள். 4 வந்து சேரும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சி, கணக்கின்பால் அவர்களுக்குள்ள அச்சத்தைப் போக்கும்.