நத்தைப் பிரட்டல்

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட சிற்றூர்ப் பள்ளிகளில் பல்லாண்டு பணியாற்றியவன் நான். நடவுக் காலத்தில், கூலிவேலை செய்வோர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் நத்தைக் குழம்பு கொணர்வர். தூக்குச்சட்டியின் மூடியைப் பாதியே திறந்து, சுவரைப் பார்த்து அமர்ந்து உண்பர். அத்துணை நாணம்!

அண்மையில் நியூயார்க் சென்றிருந்தபோது, மகன் என்னைச் 'செம்ம' என்னும் தமிழ் உணவகத்திற்கு அழைத்துச் சென்றான். 2022-இல் மிஷலின் நட்சத்திரம் பெற்ற உணவகம் அது. அதன் தலைமைச் சமையற்கலைஞர் விஜயகுமார் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பகுதியைச் சேர்ந்தவர். 2025-இல் நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையற்கலைஞருக்குரிய ஜேம்ஸ் பியர்டு விருது அவருக்குக் கிடைத்தது. அங்கே பெயர்பெற்ற பதார்த்தம் எது தெரியுமா? நத்தைப் பிரட்டல்! இஞ்சியும் புளியும் சேர்த்துச் சமைத்து, கல்தோசையுடன் பரிமாறுகின்றனர். சிறுவயதில் வயலில் நத்தை பிடித்ததை அவர் மறைப்பதில்லை, பெருமையுடன் கூறுகிறார்.

அயல்நாட்டார் மெச்சுமுன்பும் அது நல்லுணவாகவே இருந்தது. உழைப்பவர் உடலை அதுவே வளர்த்தது. ஆதலின் ஆசிரியர்களே, பெற்றோர்களே, பிறர் வீட்டுச் சோற்றைக் கண்டு முகஞ்சுளிக்கப் பிள்ளைகளுக்குக் கற்பிக்காதீர்கள். எழுத்தறிவிக்குமுன் அறிவிக்கவேண்டிய பாடம் இது.