சிஸ்டரும் ஆயாம்மாவும்



பத்தாவதோட படிப்பை நிறுத்தி, கிராமத்திலிருந்து அரியமங்கலத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். மைக் பிடிச்சுப் பழக்கமில்லை. ஆனாலும் இதைப் பேசணும்னு செயலாளர் அக்காகிட்ட நானே கேட்டு வாங்கினேன். நம்ம குழுக் குடும்பங்களிலிருந்து பொண்ணுங்க நர்சிங் உதவியாளர் வேலைக்குப் போறாங்க. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலரா இருக்கிறவங்களும் நம்ம குழுப் பெண்கள்தான்.

என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு ஆஸ்பத்திரியில் 11 நாள் இருந்தோம். அவங்களைத் துடைச்சு, துணி மாத்தி, புரட்டிப் போட்டது ஆயாம்மா. நாலாம் நாள் இடுப்புக்குக் கீழே தோல் செவந்திருக்கிறதை முதலில் பார்த்ததும் அவங்கதான். பகல் சிஸ்டர்கிட்ட சொன்னாங்க. "உன் வேலையைப் பாரு" என்று பதில் வந்தது. அதுக்கப்புறம் ஆயாம்மா எதுவும் சொல்லவில்லை. ரெண்டு நாளில் அந்த இடம் புண்ணாகிப் போச்சு. படுத்த படுக்கையா இருக்கிறவங்களை ரெண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டணும், செவக்கும்போதே கவனிச்சா புண் வராமல் தடுக்கலாம் என்று பிறகுதான் எங்களுக்கே தெரிஞ்சது.

ராத்திரி சிஸ்டர் வேற மாதிரி. வார்டுக்குள் வந்ததும் முதல் கேள்வி ஆயாம்மாகிட்டதான். "அக்கா, பாட்டி இன்னிக்கு எப்படி இருக்காங்க?" தண்ணி குடிக்கும்போது இருமுறாங்க என்று ஆயாம்மா சொன்னாங்க. சிஸ்டர் உடனே வாய்வழியா கொடுக்கிறதை நிறுத்தி டாக்டரைக் கூப்பிட்டாங்க. பக்கவாதம் வந்தவங்களுக்கு விழுங்குற சக்தி குறையும், தண்ணி நுரையீரலுக்குள் போனா உயிருக்கே ஆபத்தாம். ஒரே ஆயாம்மா, ரெண்டு சிஸ்டர். எவ்வளவு வித்தியாசம் பாருங்க.

பகல் சிஸ்டரை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனசு வரல. வார்டு முழுக்க அவங்க ஒருத்தர். ஊசி, டிரிப்ஸ், ரிஜிஸ்டர், டாக்டர் ரவுண்ட்ஸ், நடுவில் என்னை மாதிரி பத்து பேர் கேள்வி. மூணு வருஷம், நாலு வருஷம் படிச்சு, நர்சிங் கவுன்சிலில் பேரைப் பதிவு பண்ணிட்டு வர்றாங்க. தப்பு நடந்தா அவங்களைத்தான் கேட்பாங்க. உதவியாளருக்குச் சில மாசப் பயிற்சிதான். அதனால ஊசி போடுறது, மருந்து அளவை மாத்துறது உதவியாளர் வேலை இல்லை. ஆள் பத்தலைன்னு யார் சொன்னாலும் நம்ம பொண்ணுங்க அதைச் செய்யக்கூடாது. கண்ணில் பட்டதைச் சொல்றது மட்டும் கண்டிப்பா அவங்க வேலை.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினது. 2024-ல் ஐ.நா. அமைப்போட விருதும் கிடைச்சது. நம்ம தன்னார்வலர் வீடு வீடாப் போய் பிரஷர், சுகர் பார்க்கிறாங்க, மாத்திரை கொடுக்கிறாங்க. படுக்கையில் இருக்கிறவங்க வீட்டுக்குச் செவிலியரும் பிசியோதெரபி பண்றவங்களும் வர்றாங்க. சிஸ்டர் எப்பவோ ஒரு தடவைதான் வர முடியும். அந்தத் தெருவிலேயே இருக்கிற தன்னார்வலருக்குத்தான் தாத்தா மாத்திரையை முழுங்காமல் தலையணைக்கடியில் வைக்கிறது தெரியும். அவங்க சொல்லலைன்னா சிஸ்டருக்கு எப்படித் தெரியும்?

கூட்டமைப்புக்கு ரெண்டு கோரிக்கை. வேலைக்குப் போற பொண்ணு சேரும்போதே, யார்கிட்ட சொல்லணும், சொன்னதை எந்த நோட்டில் எழுதணும் என்று கேட்டுட்டுச் சேரட்டும். வாயால சொன்னது காத்தோட போயிடும், நம்ம குழுவிலேயே தீர்மான நோட்டு இல்லாமல் எதுவும் நிக்காதே! அப்புறம், நம்ம பகுதி சுகாதார நிலைய சிஸ்டரை அடுத்த மாதக் கூட்டத்துக்கு அழைக்கணும். தன்னார்வலர்களும் அவங்களும் ஒரே பாயில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசட்டும். டீ செலவு எங்க குழுவோடது.