முதல்ல வர்ற அந்த 150 ரூபாய்

வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் வருது: "பார்ட் டைம் வேலை, கூகுள் மேப்ல ஹோட்டலுக்கு ரிவ்யூ போட்டா போதும்." போடுறீங்க. நிஜமாவே 150 ரூபாய் வந்துடுது. ஏமாத்துறவன் காசு கொடுப்பானான்னு தோணும் பாருங்க, அங்கதான் விழறோம்.

அடுத்து டெலிகிராம் குரூப். 1,000 கட்டினா 1,300. அதுவும் வரும். பிறகு 10,000, 50,000. இப்போ லாபம் அவங்க வெப்சைட்ல மட்டும்தான் ஏறும். எடுக்கப் போனா "வரி கட்டுங்க", "கிரெடிட் ஸ்கோர் குறைஞ்சுடுச்சு." (இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்காதீங்க.) குரூப்ல "எனக்கு வந்துடுச்சு"ன்னு ஸ்கிரீன்ஷாட் போடுறவங்களும் அவங்க ஆளுங்கதான்.

இன்னொண்ணு. அந்த முதல் 150, பல நேரம் வேற யாரையோ ஏமாத்திப் பறிச்ச காசு. அவர் புகார் கொடுத்தா, பணம் போன தடத்தைப் பிடிச்சு உங்க அக்கவுண்ட்டும் முடக்கப்படலாம். அது சம்பளம் வர்ற அக்கவுண்ட்டா இருந்தா?

பணம் போயிடுச்சுன்னா வெட்கப்பட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்காதீங்க. உடனே 1930-க்குக் கூப்பிடுங்க. காசு அடுத்த அக்கவுண்ட்டுக்குத் தாவுறதுக்குள்ள சொன்னாதான் பேங்க் நிறுத்தி வைக்க முடியும். கோபத்துல சாட்டை அழிச்சுடாதீங்க. அதுவும் ட்ரான்சாக்‌ஷன் ஐடியும் புகாருக்கு வேணும்.