வேளாங்கண்ணிக்கு நடந்தபோது

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஒரு குழுப் பிரதிநிதி பேசியது)



கடன் வசூல் பத்திப் பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டாங்க. நான் வேளாங்கண்ணிக்கு நடந்து போன கதையைச் சொல்லப் போறேன். கடைசியில வசூலுக்கே வந்துடுவேன், பயப்படாதீங்க.

போன வருஷம் என் மகன் டைபாய்டு காய்ச்சலில் கிடந்தப்போ, அவன் எழுந்து நடமாடினா நான் நடந்தே வர்றேன்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன். எங்க வீட்டுல கும்பிடுறது மாரியம்மனை. அதனால என்ன, ஆத்தா எல்லாருக்கும் ஆத்தாதான்.

ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் திருவிழா. அந்த நாட்களில் தஞ்சாவூர் – நாகப்பட்டினம் ரோடு முழுக்கக் காவித் துணிதான். சின்னச் சப்பரத்தைத் தள்ளிக்கிட்டு எங்க ஊர் ஜனத்தோட நானும் கிளம்பினேன். தஞ்சாவூரிலிருந்து அம்மாபேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர், நாகப்பட்டினம் வழியா ஏறக்குறைய 90 கிலோமீட்டர். விடியறதுக்கு முன்னாடி நடை, மத்தியான வெயிலுக்கு ஓய்வு, மறுபடி நடை.

வருஷா வருஷம் நடக்கிற எங்க குழு உறுப்பினர் ஒருத்தியும் கூட வந்தா. அவ மூணு தவணை கட்டலை. குழுக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும், "கட்ட வக்கில்லாதவ ஏன் கடன் வாங்கினே?"ன்னு கேட்டவ நான்தான். அதுக்கப்புறம் அவ கூட்டத்துக்கே வரலை. வழியிலயும் முகம் பார்த்துப் பேசிக்கலை.

பொம்பளைங்களுக்கு வழிநடையில கால்வலியை விடப் பெரிய கஷ்டம் கழிவறை. மோர், எலுமிச்சை சாதம்னு ஊருக்கு ஊர் பந்தல் போட்டு, என்ன மதம்னு கேட்காம கொடுக்கிறாங்க. ஒதுங்கத்தான் இடம் இல்லை. அதுக்குப் பயந்து தண்ணி குடிக்கிறதைக் குறைச்சேன். ரெண்டாம் நாள் நீடாமங்கலம் தாண்டினதும் தலை சுத்தி ரோட்டோரம் உட்கார்ந்துட்டேன். சப்பரம் பாட்டோட போயிடுச்சு. திரும்பிப் பார்த்து நின்னவ அவ ஒருத்திதான்.

தண்ணியில உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்தா. பக்கத்துல ஒரு வீட்டில் கேட்டுக் கழிவறைக்குக் கூட்டிட்டுப் போனா. கால் கொப்புளத்துக்குத் துணி கட்டினா. "நீ போடி, நான் மெதுவா வர்றேன்"னேன்.

"உங்களை விட்டுட்டுப் போய் மாதாகிட்ட நான் என்னத்தக்கா கேக்கறது?"ன்னா.

அன்னைக்கு முழுக்க என் நடைக்கு அவ நடந்தா. அப்பத்தான் சொன்னா, கட்டட வேலைக்குப் போன அவ புருஷன் சாரத்திலேர்ந்து விழுந்து மூணு மாசமாப் படுக்கையில இருந்தாராம்.

"ஏண்டி எங்ககிட்ட சொல்லலை?"

"ஏன் கடன் வாங்கினேன்னு கேட்டீங்க. ஏன் கட்டலைன்னு கேக்கலையேக்கா."

எனக்குப் பதில் வரலை.

வேளாங்கண்ணியில நடுத்திட்டுன்னு ஒரு இடம். மோர் வித்துப் பிழைச்ச ஏழை விதவையோட பிள்ளை, நடக்க முடியாத பையன். அவனுக்கு மாதா காட்சி கொடுத்த இடம்னு வழிவழியா சொல்றாங்க. 1962-ல் பசிலிக்கான்னு அந்தஸ்து கிடைச்ச அவ்வளவு பெரிய கோயிலோட கதை, நம்மளை மாதிரி ஒரு குடும்பத்துலதான் இருக்கு. அங்கே நின்னு அவ கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டேன்.

ஊர் திரும்பினதும் குழுவில் தீர்மானம் எழுதினோம். ஒரு தவணை தவறினா, கூட்டத்துல பேசுறதுக்கு முன்னாடி ரெண்டு பேர் வீட்டுக்குப் போய் விசாரிக்கணும். அவளுடைய பாக்கியைச் சின்னத் தவணையாப் பிரிச்சோம். இப்போ ஒழுங்காக் கட்டுறா, கூட்டத்துக்கும் வர்றா.

கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. நடைவழியில் உள்ள நம்ம கூட்டமைப்புக் கட்டடங்களின் கழிவறைகளை அந்தத் திருவிழா நாள் முழுக்க நடந்து வர்ற பெண்களுக்குத் திறந்து வைக்கணும். பந்தல் போட மத்தவங்க இருக்காங்க. இதை நாமதான் செய்யணும்.