எந்தச் சிகிச்சை முறையை நம்புவது?

(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



உங்கள் காணிக்கையில் என்ன மருந்து வாங்குகிறோம் என்று சபைகளில் எங்களிடம் கேட்பதுண்டு. அந்த மருந்தை எதை நம்பிக் கொடுக்கிறோம் என்று கேட்பவர் குறைவு. இன்று அதைக் குறித்தே பேச விரும்புகிறோம்.

கம்பம் பள்ளத்தாக்கில் நெல் வயலிலும் திராட்சைப் பந்தலின் கீழும் பாடுபடுகிறவர்களுக்குப் பாம்புக்கடி புதிதல்ல. கடிபட்டவர் வந்து சேர்ந்ததும் செய்ய வேண்டியதை அவரவர் பழக்கத்துக்கு விட்டுவிட முடியாது. ஆய்வுகளை ஒப்பிட்டு நிபுணர்கள் எழுதிய சிகிச்சை நெறிமுறைகள் உண்டு. 2016-இல் நம் மத்திய சுகாதார அமைச்சகமும், உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசியப் பிரிவும் இவற்றை வெளியிட்டன, இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனாலும் எந்த நெறிமுறையையும் மூன்று கேள்விகள் கேட்டே கையில் எடுக்க வேண்டும்.

முதலாவது, அது எந்தச் சான்றின்மேல் நிற்கிறது? விஷமுறிவு மருந்தே சிலருக்கு உயிராபத்தான ஒவ்வாமையை உண்டாக்கும். அதைத் தடுக்க ஹைட்ரோகார்டிசோன், புரோமெத்தசின் ஊசிகளை முன்கூட்டியே போடுவது பல இடங்களில் வழக்கமாயிருந்தது. இலங்கையில் 1007 பேரிடம் நடத்திய ஆய்வு 2011-இல் வெளியானது. அவ்விரண்டும் கடும் ஒவ்வாமையைக் குறைக்கவில்லை. சிறிதளவு அட்ரினலினோ முதல் ஒரு மணி நேரத்தில் அதை 43 சதவீதம் குறைத்தது.

இரண்டாவது, யாருக்காக எழுதப்பட்டது? கடிபட்ட கைகாலை நீளத் துணியால் இறுக்கிச் சுற்றும் முறை, நரம்பைத் தாக்கும் ஆஸ்திரேலியப் பாம்புகளுக்கென்று அங்கே உருவானது. நம் கண்ணாடி விரியனோ கடித்த இடத்தையே வீங்கி அழுகச் செய்யும். அங்கே இறுக்கினால் சதை மேலும் கெடலாம்.

மூன்றாவது, எப்போது, யார் எழுதினார்கள்? புதிய ஆய்வுகளைச் சேர்த்துத் திருத்தினார்களா? எழுதியவர்களுக்கு மருந்துக் கம்பெனியின் பணம் உண்டா?

நல்ல நெறிமுறை நம் அனுமானத்தையும் திருத்தும். குழந்தைக்கு மருந்து குறைவாகப் போதும் என்று தோன்றும். பாம்பு ஆள் பார்த்து விஷத்தை அளப்பதில்லை. ஆகவே விஷமுறிவு மருந்து குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான்.

பெரிய கருவிகள்தான் வேண்டுமென்பதில்லை. 2 மில்லி இரத்தத்தைப் புதிய, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைக்கிறோம். பின் ஒருமுறை சாய்த்துப் பார்க்கிறோம். உறையாமல் ஓடினால், விஷம் இரத்தத்தில் வேலை செய்கிறதென்று பொருள். சோப்புத் தூள் போட்டுக் கழுவிய குழாய் தவறான விடை தரக்கூடும். ஒரு கண்ணாடிக் குழாய்க்கு நீங்கள் தரும் சிறு காணிக்கையும் ஒரு கூலிக்காரரின் உயிருக்குக் காவலாகும்.

இன்னொரு விண்ணப்பம். பாம்பு கடித்தால் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். அந்தக் கையையோ காலையோ அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள் என்று உங்கள் சபைகளில் சொல்லுங்கள். இதற்குச் செலவே இல்லை.