எடை குறைந்த மலைமிதிவண்டி



மரக்காணத்தில் மலை இல்லை. கிழக்கே கடல், மேற்கே கழுவெளி, இடையே உப்பளங்கள், அவற்றைப் பிளந்து செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை. இவ்வளவுதான் எங்கள் ஊர். மலை வேண்டுமென்றால் திண்டிவனம் கடந்து செஞ்சி வரையில் போகவேண்டும். அப்படிப்பட்ட ஊரிலிருந்துகொண்டு, மலையில் ஓட்டுவதற்கென்றே அமைந்த மிதிவண்டியைப் பற்றி, அதிலும் அதன் எடையைக் குறைப்பதைப் பற்றி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவன் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். என் பழைய மாணாக்கர் ஒருவர் மூன்றாண்டுகளாக இந்த வேலையில் ஈடுபட்டிருக்கிறார். அவர் உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகன். மின்சாரப் பணி செய்து பிழைப்பவர். மலைப்பாதைப் பந்தயம் ஒன்றில் ஒருமுறையேனும் கலந்துகொள்ள வேண்டும் என்பது அவர் ஆசை. அவருக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையதாயிற்று. அந்தக் கணக்கு நோட்டையே இங்குக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லவேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் கற்பிக்கப்பட்ட பாடம். நமக்குத் தெரிந்தது சாதாரணக் கறுப்புச் சைக்கிள். 1949-ஆம் ஆண்டில் முருகப்பா குழுமத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தாரும் சேர்ந்து சென்னையில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்னும் பெயர்களில் அதை நாடெங்கும் அனுப்பியது. இரும்புக் குழாயால் ஆன அந்த வண்டி ஏறத்தாழ இருபது கிலோ எடை இருக்கும். உப்பு மூட்டையோ, மீன்கூடையோ, மனைவி மக்களோ எதை ஏற்றினாலும் தாங்கும். அதை எவரும் எடை போட்டுப் பார்த்ததில்லை. சுமக்கவே பிறந்ததன் சொந்தச் சுமையை யார் எண்ணுவார்?

அதன் குலுக்கலைத் தாங்கும் கருவி எது என்று வகுப்பில் கேட்டால், ஆசனத்தின் அடியிலுள்ள சுருள்வில் என்று மாணாக்கர் சொல்லுவர். அது பாதி விடைதான். உண்மையான அதிர்வுதாங்கி டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்று. 1888-இல் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் டன்லப், தம் மகனின் மூன்றுசக்கர வண்டி கல்பாவிய தெருவில் குலுங்குவதைத் தணிக்கவே காற்றடைத்த டயரை அமைத்தார். பின்னர் வந்த எல்லா அதிர்வுதாங்கிகளும் இந்தக் காற்றின் வாரிசுகளே.

மலைமிதிவண்டி பிறந்த கதை எங்கள் வேலைக்கு மிக நெருங்கியது. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்து மரின் பகுதியில், டமால்பைஸ் என்றொரு மலை இருக்கிறது. 1970-களில் அங்கிருந்த இளைஞர் சிலர், இரண்டாம் உலகப்போருக்கு முன் செய்யப்பட்ட தடித்த டயர்ச் சைக்கிள்களைப் பழைய சாமான் கடைகளில் மலிவாக வாங்கி, மலைச்சரிவில் ஓட்டினார்கள். பின்சக்கரத்துள் அமைந்த பிரேக் சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வோர் இறக்கத்துக்குப் பிறகும் ஹப்பைப் பிரித்து மீண்டும் கிரீஸ் அடைக்கவேண்டும். 1976-இல் அங்கே தொடங்கிய பந்தயத்துக்கு ‘ரீபாக்’ என்றே பெயர் வந்துவிட்டது. பிறகு அவர்கள் ஒவ்வோர் உறுப்பாக மாற்றினார்கள்: மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடி, வேறொரு வண்டியின் கியர், வலுவான ஹாண்டில்பார். 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் பழைய சட்டகத்தையும் கைவிட்டு, குரோம்-மாலிப்டினம் கலந்த எஃகுக் குழாயால் இதற்கென்றே புதுச் சட்டகம் செய்தார். அந்த வண்டி ஏறக்குறைய பதினேழு கிலோ. ஆகவே, உறுப்பு மாற்றம் என்பது மலைமிதிவண்டிக்குப் பின்னால் வந்த பொழுதுபோக்கு அன்று. அந்த வண்டி பிறந்த வழியே அதுதான். முன்சக்கரத்துக்கு எண்ணெயும் காற்றும் கொண்ட அதிர்வுதாங்கியை 1989-இல் பால் டர்னர் தொடங்கிய ராக்ஷாக்ஸ் நிறுவனம் பரவச் செய்தது. பின்சக்கரமும் மூட்டுகளில் அசைந்து, நடுவே ஒரு தாங்கியால் தாங்கப்படும் முழு அதிர்வுதாங்கி வண்டி அதைத் தொடர்ந்து செம்மையுற்றது.

மலையே இல்லாத ஊரில் அது எதற்கு என்பீர்கள். உப்பளத்து வரப்புகளில் வேனிற்காலத்தில் ஒருமுறை சைக்கிள் விட்டுப் பாருங்கள். காய்ந்த களிமண் கல்லாக இறுகி, குளம்படிகளும் வெடிப்புகளுமாய்க் கிடக்கும். அதைத் தாண்டினால் பனைமரங்களுக்கிடையே மணல். பயிற்சிக்கு இதைவிடக் கடுமையான தரை செஞ்சி மலையடிவாரத்திலும் இல்லை.

தம்பி வாங்கியது பிறர் ஓட்டிய அலுமினியச் சட்டக வண்டி. மளிகைக்கடைத் தராசில் தொங்கவிட்டு நிறுத்தோம். 16 கிலோ 400 கிராம். பந்தயக்காரர் ஓட்டும் இவ்வகை வண்டி பத்து, பன்னிரண்டு கிலோவில் இருக்கும். விலை பல லட்சம். நம்மால் இயன்றது உறுப்பு உறுப்பாக மாற்றுவதே.

முதலில் அவரிடம் ஒரு கணக்குப் போடச் சொன்னேன். வண்டியும் ஆளும் சேர்ந்து 78 கிலோ. நூறு மீட்டர் உயரம் ஏறவேண்டும். ஓட்டுபவர் 150 வாட் ஆற்றல் செலுத்துகிறார். உராய்வை ஒதுக்கிவிட்டால் ஏறுவதற்கு ஏறக்குறைய 510 வினாடி ஆகும். வண்டியில் மூன்றரைக் கிலோ குறைத்தால் எவ்வளவு மிச்சம்? சுமார் 23 வினாடி. அவர் முகம் வாடிவிட்டது. “இவ்வளவுதானா, ஐயா?” என்றார். “நூறு மீட்டருக்கு இவ்வளவு, ஆயிரம் மீட்டர் ஏறும் பந்தயத்தில் நாலு நிமிஷம் ஆகிறதே” என்றேன். எதற்காகச் செலவிடுகிறோம் என்பதை அளவோடு அறிந்துகொண்டு செலவிடுவது வேறு, விளம்பரத்தை நம்பிச் செலவிடுவது வேறு.

சக்கரத்தில் குறைக்கும் ஒரு கிராம் சட்டகத்தில் குறைக்கும் பத்துக் கிராமுக்குச் சமம் என்று சைக்கிள் பிரியர்கள் சொல்லுவதைக் கேட்டிருப்பீர்கள். இது மிகை. ரிம்மின் ஓரத்திலுள்ள பொருள் முன்னோக்கியும் நகர்கிறது, சுழலவும் செய்கிறது. ஆதலால் வேகமெடுக்கும்போது அது இரட்டிப்பு ஆற்றலைக் கேட்கும். இரட்டிப்புக்கு மேல் இல்லை. சீரான வேகத்தில் ஏறும்போது எந்த இடத்துக் கிராமும் ஒன்றே. ஆனால் அதிர்வுதாங்கி வண்டியில் சக்கரத்துக்கு வேறொரு தனிச்சிறப்பு உண்டு. சக்கரம் வில்லுக்குக் கீழே இருக்கிறது. அது கனமாக இருந்தால் மேட்டில் மோதித் தூக்கப்பட்ட பிறகு தரைக்கு மீளத் தாமதிக்கும். மெல்லியதாக இருந்தால் தரையை விடாமல் தொடரும். பிடிப்பும் பிரேக்கும் அப்போதுதான் வேலை செய்யும்.

ஆகவே டயரிலிருந்து தொடங்கினோம். உள்ளே இருந்த டியூப்களை எடுத்துவிட்டு, ரிம்மை நாடாவால் அடைத்து, ஓட்டை விழுந்தால் தானே உறையும் பால்போன்ற திரவத்தை ஊற்றினோம். இதில் 240 கிராம் போயிற்று. எங்கள் பக்கத்துக் கருவேல முள்ளுக்கும் மருந்தாயிற்று. கம்பி விளிம்பு டயருக்குப் பதிலாக மடித்து வைக்கக்கூடிய இழை விளிம்பு டயர் இட்டதில் அரைக் கிலோ. முன்பக்கம் இருந்த மூன்று பல்சக்கரங்களையும், அவற்றை மாற்றும் கருவி, விசை, கம்பி ஆகியவற்றையும் கழற்றி, ஒரே பல்சக்கரம் போட்டதில் இன்னொரு அரைக் கிலோ. முன்பக்கத்துச் சுருள்வில் தாங்கிக்குப் பதிலாகக் காற்றுத் தாங்கி வந்தபோது 850 கிராம் குறைந்தது; பின்பக்கத் தாங்கியில் 450. எஃகுவில் செய்யும் வேலையை அடைபட்ட காற்று எடையின்றிச் செய்துவிடுகிறது. அதோடு, வில்லாயின் ஆளுக்கேற்ற வில்லைத் தேடி மாற்றவேண்டும். காற்றாயின் பம்பு ஒன்று போதும். ஓட்டுபவர் ஏறி அமர்ந்ததும் தாங்கி தன் மொத்த அசைவில் கால்பங்கு முதல் முப்பது விழுக்காடு வரை அமிழவேண்டும். தண்டின்மேலுள்ள ரப்பர் வளையம் எவ்வளவு இறங்கிற்று என்று அடிக்கோலால் அளந்து, காற்றைக் கூட்டவோ குறைக்கவோ செய்தோம். வாரக்கணக்கில் ஆன வேலை இது. எனக்கு மிகவும் பிடித்த வேலையும் இதுவே. பிறகு சக்கரங்களில் 600 கிராம், பின்பல்சக்கரத் தொகுதியில் 150, ஆசனம், அதன் தண்டு, பெடல் எல்லாம் சேர்ந்து 250.

என் நோட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ஒரு பத்தி உண்டு: ஒரு கிராமுக்கு எத்தனை ரூபாய்? முன் பல்சக்கரங்களைக் கழற்றியதில் கிராமுக்கு ஐந்து ரூபாய். டயரில் பன்னிரண்டு. முன் தாங்கியில் ஏறக்குறைய முப்பது. சக்கரத்தில் ஐம்பது. அழகான டைட்டானியத் திருகாணிகள் வேண்டுமென்று அவர் ஒருநாள் கேட்டார். கணக்குப் பார்த்தால் கிராமுக்கு இருநூறு. அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். மூன்றாண்டில் மொத்தம் ஏறக்குறைய தொண்ணூறாயிரம் ரூபாய் ஆயிற்று. மழைக்காலத்தில் அளத்தில் வேலை இராது. அந்த மாதங்களில் அந்தக் குடும்பம் மகன் சம்பாத்தியத்தில்தான் உண்ணுகிறது. “இந்தப் பணத்தில் கூரையைப் பிரித்துத் தளம் போட்டிருக்கலாம், வாத்தியாரய்யா” என்று அவர் தந்தையார் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார். அந்தப் பேச்சில் நியாயம் இல்லையென்று நான் சொல்லமாட்டேன், அவரிடமும் சொல்லவில்லை. நோட்டை அவரிடமே கொடுத்தேன். மகன் எந்த மாதம் எவ்வளவு செலவிட்டான் என்பதையும், மழை மாதங்களில் ஒரு காசும் செலவிடவில்லை என்பதையும் வாசித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

எடையைக் குறைப்பதில் எல்லை கடந்தவர்களும் உண்டு. 1972-இல் மெக்சிகோ நகரத்தில் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிய வண்டி ஆறு கிலோவுக்கும் குறைவு. கொல்னாகோ என்ற இத்தாலியக் கைவினைஞர் செய்தது. உறுப்புகளில் துளையிட்டுக்கூட எடை குறைத்திருந்தார். அதைப் பார்த்து அக்காலத்தில் பலர் தங்கள் பிரேக் பிடிகளைக்கூடத் துளைத்துவிட்டார்கள். ஒரே ஒரு மணி நேரம் வழவழப்பான தளத்தில் ஓடுவதற்கான வண்டி அது. தம்பியும் துளைபோடும் கருவியோடு வந்தார். பிரேக், ஹாண்டில்பார், அதைப் பிடிக்கும் தண்டு இம்மூன்றிலும் கைவைக்கலாகாது என்று அன்றே விதி செய்தோம்.

இந்த விதிக்கு எங்கள் ஊரில் கூடுதல் காரணம் ஒன்று உண்டு, அது உப்பு. அளத்துக் காற்று பட்ட இடமெல்லாம் உப்பு படியும். எஃகு செந்துருவாகி வெளிப்படையாக எச்சரிக்கும். அலுமினியமோ தன்மேல் ஓர் ஆக்சைடுப் படலத்தைப் போர்த்திக்கொண்டு நல்லவன்போல் இருக்கும். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஊசிமுனையளவில் துளைத்து உள்ளே குழி பறிக்கும். அலுமினியத்தோடு எஃகுத் திருகோ கரியிழைக் குழாயோ தொட்டுக்கொண்டிருந்து, நடுவே உப்புநீர் புகுந்தால், அது ஒரு மின்கலமே ஆகிவிடும், அரிபடுவது அலுமினியம். முன் தாங்கியின் கீழ்ப்பகுதியோ மக்னீசியக் கலவை. அலுமினியத்தின் அடர்த்தி 2.7, மக்னீசியத்துக்கு 1.74, ஆகையால்தான் அதைத் தேர்ந்தார்கள். ஆனால் உப்புக்கு மிக எளிதில் இரையாவதும் அதுவே. பூச்சு ஓரிடத்தில் பெயர்ந்தால் அங்கே வெண்பொடி பூக்கிறது. எனவே ஒவ்வொரு திருகுக்கும் கிரீஸ், பெயர்ந்த இடத்துக்கு உடனே வர்ணம், ஓட்டி வந்தவுடன் நல்ல நீரால் கழுவுதல் ஆகிய மூன்றையும் வழக்கமாக்கினோம். குழாயைப் பீய்ச்சி அடிக்கலாகாது. பேரிங்குக்குள் நீர் புகும். குவளையால் ஊற்றித் துணியால் துடைக்கவேண்டும். கைப்பிடி உறையை மாதம் ஒருமுறை கழற்றிப் பார்க்கவேண்டும்; வியர்வையும் உப்பும் சேர்ந்து ஹாண்டில்பாரை அங்கேதான் தின்னும்.

சென்ற மாதம் வண்டியை மீண்டும் நிறுத்தோம். 12 கிலோ 860 கிராம். வண்டியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தார். பந்தயத்துக்குப் புறப்படுமுன், மாற்று டியூப், சிறு பம்பு, டயர் கழற்றும் நெம்புகோல், செயின் இணைப்பு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். “அரைக் கிலோ ஆகுமே, ஐயா! கிராம் கிராமாகக் குறைத்துவிட்டு அதை மறுபடி ஏற்றுவதா?” என்று கேட்டார்.

அவருக்கு ஒன்பதாம் வகுப்பில் தமிழ் நடத்தியவனும் நான்தான். நம் நெய்தல் நிலத்து உப்பை மேட்டு நாட்டுக்கு ஏற்றிச் சென்ற உமணர், வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதை ஔவையார் புறநானூற்றில் உவமையாக ஆண்டிருக்கிறார். பள்ளத்தில் இறங்குமோ, மேட்டில் ஏறுமோ, அச்சு எங்கே முறியுமோ என்று அறிந்தவர் அவர்கள். அதை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். நினைவிருக்கிறது என்றார், சட்டகத்தின் அடியில் ஒரு பையில் வைத்துக் கட்டினார். திரும்பவும் தராசில் தொங்கவிட்டோம்.

13 கிலோ 340 கிராம் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். விலைப் பத்தியைக் காலியாக விட்டிருக்கிறேன்.